கென்ஜியின் கதை: எந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்குவது, எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன நூல்?

ஜப்பானின் ஹெயான் காலத்தில், கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட உரைநடைப் பெருங்கதை. ஜப்பானிய மொழியில் ‘கென்ஜி மோனோகதாரி’. எழுதியவர் முராசாகி ஷிகிபு என்ற பெண். மொத்தம் 54 அத்தியாயங்கள். உரைநடைக்கு நடுவே 795 பாடல்கள். கதை நான்கு பேரரசர்களின் ஆட்சியில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது.

கென்ஜி பேரரசரின் மகன். தாய் மிக உயர்ந்த குலத்தவர் இல்லை. தாய்வழியில் ஆதரவில்லாத பிள்ளை அரண்மனை அரசியலில் பலியாகிவிடுவான் என்று அஞ்சி, தந்தை அவனை இளவரசர் வரிசையிலிருந்து நீக்கி மினமோதோ என்ற குலப்பெயரைக் கொடுத்துக் குடிமகனாக்குகிறார். ‘கென்ஜி’ என்றால் அந்தக் குலத்தைச் சேர்ந்தவன் என்று மட்டுமே பொருள். அதாவது நாயகனுக்கே நூல் முழுக்க இயற்பெயர் கிடையாது. தமிழில் எழுத்துக்கூட்டும்போது ‘கெஞ்சி’ என்று வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பெண்களின் திரைக்கு வெளியே உட்கார்ந்து ஆள் கெஞ்சும் நேரத்தைக் கணக்கிட்டால் அதுவும் பெரிய பிழை இல்லை.

முதல் 41 அத்தியாயங்கள் கென்ஜியின் வாழ்க்கை. 42 முதல் 44 வரை இணைப்புப் பகுதி. 45 முதல் 54 வரை ‘உஜி அத்தியாயங்கள்’: அடுத்த தலைமுறையின் கவோரு, நியோ இளவரசர் இருவரும், உஜி ஆற்றங்கரையில் வளர்ந்த சகோதரிகளும்.

“உலகின் முதல் நாவல்” என்கிறார்களே?

அட்டையில் போட வசதியான வாசகம், அவ்வளவுதான். பாணரின் ‘காதம்பரி’ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அதற்கும் முந்தைய நீண்ட உரைநடைக் கதைகள் உண்டு. இந்நூலின் தனித்தன்மை வேறு இடத்தில் இருக்கிறது. பாத்திரங்களுக்கு வயதாகிறது, முப்பது அத்தியாயத்துக்கு முன்னால் செய்தது திரும்பி வந்து கணக்குக் கேட்கிறது, மனம் மாறுவதை எழுத்தாளர் நாள்கணக்கில் பின்தொடர்கிறார். 25ஆம் அத்தியாயத்தில் கென்ஜியே கதைகளைப் பற்றி ஒரு விவாதம் நடத்துகிறான். கதை படிக்கும் பெண்களை முதலில் கேலி செய்துவிட்டு, பிறகு வரலாற்று நூல்கள் சொல்லாததைக் கதைதான் சொல்கிறது என்று கட்சி மாறுகிறான்.

முராசாகி ஷிகிபு என்பது இயற்பெயரா?

இல்லை. ‘ஷிகிபு’ அவருடைய தந்தை ஃபுஜிவாரா நோ தமெதோக்கி பணிபுரிந்த சடங்குத் துறையின் பெயர். ‘முராசாகி’ கதையின் முக்கியப் பெண் பாத்திரத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பட்டம். இயற்பெயர் உறுதியாக நமக்கு எட்டவில்லை; அக்காலப் பெண்கள் பலருக்கும் இதே நிலைதான். கணவர் 1001இல் இறந்தார். பிறகு, அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஃபுஜிவாரா நோ மிச்சினாகாவின் மகளான பேரரசி ஷோஷியிடம் பணியில் சேர்ந்தார். தம்பிக்குச் சீனப் பாடம் நடக்கும்போது கேட்டுக்கேட்டே தான் முந்திக் கற்றுக்கொண்டதையும், “இவள் ஆணாகப் பிறக்காமல் போனாளே” என்று தந்தை வருந்தியதையும் அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1008ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில், விருந்தில் ஓர் அறிஞர் “இங்கே முராசாகி இருக்கிறாரா?” என்று அவரைச் சீண்டுகிறார். நூல் அப்போதே அரண்மனையில் கைமாறிக்கொண்டிருந்ததற்கு அதுவே சான்று.

ஆங்கிலத்தில் எத்தனை மொழிபெயர்ப்புகள் உள்ளன?

கணக்கில் கொள்ள வேண்டியவை ஐந்து.

சுயெமாட்சு கென்சோ, 1882. லண்டனில் வெளியானது. முதல் 17 அத்தியாயங்கள் மட்டும், அதுவும் பல இடங்களில் சுருக்கி. வரலாற்று ஆர்வம் இருந்தால் மட்டும் புரட்டிப் பாருங்கள்.

ஆர்தர் வேலி, 1925 முதல் 1933 வரை, ஆறு தொகுதிகள். பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்தவர், ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆங்கில உலகம் இந்நூலைக் கண்டுகொண்டது இவரால்தான். முதல் தொகுதிக்கு வர்ஜீனியா வுல்ஃப் மதிப்புரை எழுதினார். 38ஆம் அத்தியாயத்தை வேலி முழுதாக விட்டுவிட்டார். மற்ற இடங்களில் பாடல்களை வெட்டினார், சிலவற்றை உரையாடலுக்குள் கரைத்தார், பல இடங்களில் தானே விரித்தும் எழுதினார்.

எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர், 1976. நாவலாசிரியர் கவாபாட்டாவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். 54 அத்தியாயங்களும் உண்டு. வாக்கியம் குறுகியது, நடை வேகமானது. படங்கள் 1650ஆம் ஆண்டுப் பதிப்பின் மரச்செதுக்குகள்.

ராயல் டைலர், 2001. மூலத்தின் மறைமுகப் பேச்சையும் மரியாதைப் படிநிலையையும் ஆங்கிலம் தாங்கும் அளவுக்குக் காப்பாற்றியவர். அடிக்குறிப்புகள் ஏராளம்.

டென்னிஸ் வாஷ்பர்ன், 2015. மூலம் குறிப்பால் உணர்த்துவதை இவர் வாக்கியத்துக்குள்ளேயே விளக்கிவிடுவார். பாத்திரங்களின் மன ஓட்டத்தைச் சாய்வெழுத்தில் பிரித்துக் காட்டுவார்.

இவை தவிர ஹெலன் மெக்கல்லக் 1994இல் பத்து அத்தியாயங்களை மட்டும் மொழிபெயர்த்தார். கல்லூரிப் பாடத்துக்கென்றே அமைந்த தேர்வு, துல்லியமானது.

உண்மையில் இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? ஒரு எடுத்துக்காட்டு தர முடியுமா?

முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளலாம். மூலத்தின் போக்கு இது: எந்த ஆட்சிக் காலமோ, அரசியரும் துணைவியரும் பலர் பணியிலிருந்த இடையே, மிக உயர்ந்த குலத்தவர் அல்லாத ஒருவர், எல்லாரையும் மிஞ்சிப் பேரரசரின் அன்பைப் பெற்றிருந்தார்.

அந்த “எந்த ஆட்சிக் காலமோ” என்ற இழுப்பை வேலி அடைப்புக்குறிக்குள் போட்டு, எப்போது என்பது முக்கியமில்லை என்று கதைசொல்லியின் தோரணையில் தள்ளிவிடுகிறார். சைடன்ஸ்டிக்கர் கேள்வியையே நீக்கிவிட்டு, ஏதோ ஓர் ஆட்சியில் முதல் வரிசை அல்லாத ஒரு பெண்ணைப் பேரரசர் மற்றவரைவிட அதிகம் நேசித்தார் என்று ஒரே வீச்சில் முடிக்கிறார். டைலர் அதே கேள்வியை அடைப்புக்குறிக்குள் கேள்வியாகவே வைத்திருக்கிறார். துணைவியரின் இரண்டு படிநிலைகளையும் தனித்தனிச் சொல்லால் காட்டுகிறார். வாஷ்பர்ன் முழு வாக்கியத்தையும் கேள்வியாக்கி, அந்தப் பெண் பேரரசரின் மனத்தைக் கவர்ந்தாள் என்று வெளிப்படையாக்குகிறார்.

இந்த ஒரு வாக்கியத்தில் தெரியும் குணம்தான் ஆயிரம் பக்கத்துக்கும். புத்தகக் கடையிலோ இணையத்தின் மாதிரிப் பக்கங்களிலோ முதல் இரண்டு பக்கங்களை நான்கிலும் படித்துப் பாருங்கள். எது உங்கள் காதுக்கு ஒத்துவருகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

வேறுபாட்டுக்கு அடிப்படைக் காரணம் மூலமொழி. ஹெயான் கால ஜப்பானியத்தில் எழுவாய் பெரும்பாலும் வராது. வினையில் ஒட்டியிருக்கும் மரியாதை விகுதியை வைத்தே யார் செய்தது என்று ஊகிக்க வேண்டும். “வந்தார், பார்த்தாள், சொல்லி அனுப்பினார்” என்று பெயர் சொல்லாமலே ஒரு பத்தியை ஓட்டும் தமிழ் வாசகருக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது. ஆகவே ஒவ்வொரு வரியிலும் மொழிபெயர்ப்பாளர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். உரையாசிரியர்களே சண்டையிட்ட இடங்களில்கூட.

சரி, எதை வாங்குவது?

ஒரே ஒரு பிரதி வாங்கி வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வதென்றால் டைலர். முதலில் கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பெரிய நூல் பாதியில் நின்றுவிடுமோ என்ற பயம் இருக்கிறது என்றால் சைடன்ஸ்டிக்கர். அடிக்குறிப்புக்குக் கண்ணைத் தாழ்த்த எரிச்சல்படுபவருக்கு வாஷ்பர்ன். ஆனால் மூலம் மூடி வைத்ததை அவர் திறந்து வைத்துவிடுகிறார் என்பதை அறிந்தே வாங்குங்கள். வேலியை ஆங்கில உரைநடைக்காகப் படியுங்கள். 1920களின் ஆங்கில நாவல் ஒன்று கிமோனோ அணிந்ததுபோல் இருக்கும், அழகாகவும் இருக்கும். முதல் வாசிப்புக்கு மட்டும் வேண்டாம்.

மேற்கோள் காட்டி எழுதுபவர்கள் எந்த மொழிபெயர்ப்பு, எந்த அத்தியாயம் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். அத்தியாயத் தலைப்புகளே நால்வரிடமும் வேறு வேறு. எண்ணைக் கொடுப்பதே பாதுகாப்பு. அங்கும் ஒரு சிக்கல்: வேலி 38ஐ விட்டதால், அதற்குப் பிறகு அவருடைய வரிசை எண் ஒன்று குறைந்து வரும்.

முழுப் பதிப்பு என்று நினைத்து வாங்கினேன், பாதியில் முடிந்துவிட்டது. ஏன்?

அடிக்கடி நடப்பது இது. மலிவு விலை மின்னூல்கள் பல சுயெமாட்சுவின் 17 அத்தியாயங்களாகவோ, வேலியின் முதல் தொகுதியாகவோ (1 முதல் 9 வரை) இருக்கும். அட்டையில் நூலின் பெயர் மட்டும் முழுதாக இருக்கும். பெரிய பதிப்பகங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு: சைடன்ஸ்டிக்கருக்கு 12 அத்தியாயங்கள் கொண்ட விண்டேஜ் சுருக்கப் பதிப்பு இருக்கிறது, டைலருக்கு பெங்குவினிலேயே முழுப் பதிப்பும் சுருக்கப் பதிப்பும் தனித்தனியாக உள்ளன.

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் போட்டிருக்கிறதா? பெயரே இல்லாவிட்டால் அது பழைய பதிப்பின் நகல் என்று கொள்ளலாம். பக்கம் ஆயிரத்தைத் தாண்டுகிறதா? முந்நூறு, நானூறு பக்கத்தில் முழு நூல் அடங்காது. உள்ளடக்கத்தில் கடைசி அத்தியாயம் ‘கனவுகளின் மிதக்கும் பாலம்’ என்ற பொருளில் வருகிறதா? வேலியின் ஆறாம் தொகுதிக்கும் ஏறக்குறைய அதே தலைப்பு என்பதால், தனித் தொகுதியைக் கையில் எடுத்து ஏமாறவும் வாய்ப்புண்டு.

பாத்திரங்களின் பெயர்கள் ஏன் இவ்வளவு குழப்பம்?

மூலத்தில் முக்கியப் பாத்திரங்களுக்கு இயற்பெயர்களே இல்லை என்பதால். ஒருவரைப் பதவியாலோ, வசிக்கும் இடத்தாலோ, அவர் தொடர்பான ஒரு பாடலின் சொல்லாலோதான் குறிப்பார்கள். பதவி உயர்ந்தால் அழைக்கும் பெயரும் மாறும். கென்ஜியின் நண்பனும் போட்டியாளனுமான தோ நோ சூஜோவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெயரன்று, செயலகத் தலைமையும் படைத்தலைமையும் சேர்ந்த ஓர் இளம் வயதுப் பதவி. பின்னாளில் அவர் அமைச்சராகிறார். அப்போதும் வாசகர்கள் பழைய பட்டத்தாலேயே அழைப்பது பிற்கால வழக்கம். கென்ஜியும் அப்படித்தான்: 2ஆம் அத்தியாயத்தில் படைத்தலைவர், 14இல் உள்துறை அமைச்சர், 21இல் தலைமை அமைச்சர், 33இல் ஓய்வுபெற்ற பேரரசருக்கு நிகரான தகுதி.

வேலி, சைடன்ஸ்டிக்கர், வாஷ்பர்ன் மூவரும் வழக்கமான பட்டப்பெயர்களை நிலையாகப் பயன்படுத்துகிறார்கள். டைலர் மட்டும் மூலத்தைப் பின்பற்றிப் பதவியால் அழைக்கிறார். அவர் பதிப்பில் படிப்பவர்கள் முப்பதாம் பக்கத்தில் தொலைந்துபோவது இதனால்தான். வழி அவரே வைத்திருக்கிறார்: ஒவ்வொரு அத்தியாயத்தின் முகப்பிலும் அதில் வருபவர்களின் பதவி, வயது, வழக்கமான பட்டப்பெயர் மூன்றும் உண்டு. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ஃபுஜித்சுபோ, கிரித்சுபோ, கொக்கிதென் எல்லாம் அரண்மனைக் கட்டடங்களின் பெயர்கள். கென்ஜியின் தாய்க்குக் கிடைத்தது பேரரசரின் இருப்பிடத்திலிருந்து வெகு தொலைவில், வடகிழக்கு மூலையில் இருந்த கிரித்சுபோ. அழைப்பு வரும்போதெல்லாம் மற்ற அரசியரின் வாசல்களைக் கடந்து நடக்க வேண்டும். அவர்கள் நடைபாதையில் அசுத்தத்தைக் கொட்டி, உடன் வரும் பெண்களின் ஆடையைப் பாழாக்குகிறார்கள். கட்டட வரைபடம் ஒன்றை ஒருமுறை பார்த்துவிட்டால் முதல் அத்தியாயத்தின் கொடுமை பாதி விளங்கிவிடும்.

எல்லாரும் எங்கே விட்டுவிடுகிறார்கள்? எந்த வரிசையில் படிப்பது?

ஜப்பானில் இதற்கு வழக்குச் சொல்லே உண்டு: ‘சுமா திரும்பல்’. 12ஆம் அத்தியாயமான சுமாவில் கென்ஜி தலைநகரை விட்டுச் சுமா கடற்கரைக்கு ஒதுங்கிப் போவான். வாசகரோ அங்கிருந்து திரும்பி வந்துவிடுவார். முதல் அத்தியாயத்தோடு நிறுத்துபவர்களைக் ‘கிரித்சுபோ கென்ஜி’ என்று கேலி செய்வதும் உண்டு.

காரணம் எளிது. 1 முதல் 10 வரை ஒவ்வொரு அத்தியாயமும் ஏறக்குறைய தனிக்கதை. சுமாவிலிருந்து கதை அரசியலாகவும் குடும்பமாகவும் கனக்கிறது. பழைய பெயர்களை மறந்திருந்தால் அங்கே பிடி நழுவும்.

வரிசையாகப் படிப்பதே நல்லது. நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் முழு நூலும் நான்கு மாதத்தில் முடியும். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். 11, 16 போன்றவை சில பக்கங்களே, 34ம் 35ம் ஒவ்வொன்றும் ஒரு குறுநாவல் அளவு. அந்த இரண்டுக்கும் ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். நூலின் உச்சமே அங்கேதான் என்பது பலருடைய கருத்து, எங்களுடையதும். நாற்பதைத் தொட்ட கென்ஜி, வேண்டாமல் ஒரு இளம் இளவரசியை மணக்கிறான். அவள் வளர்க்கும் பூனை ஓடும்போது கயிறு சிக்கி மூங்கில் திரை விலகுகிறது. வெளியே பந்தாடிக்கொண்டிருந்த கஷிவாகி என்ற இளைஞன் அவளைப் பார்த்துவிடுகிறான். அந்த ஒரு கணத்திலிருந்து கென்ஜியின் மாளிகை உள்ளுக்குள் இடியத் தொடங்குகிறது. தந்தையின் துணைவி ஃபுஜித்சுபோவோடு உறவுகொண்டு தந்தைக்குத் தான் செய்தது இப்போது தனக்கே நடக்கிறது என்பதைக் கென்ஜி உணர்கிறான்.

நேரமில்லாதவர்கள் 1, 4, 5, 7, 9, 12, 13, 25, 34, 35, 36, 40, 41 ஆகியவற்றைப் படித்துவிட்டு, பிறகு 45, 47, 51, 53, 54 எடுத்துக்கொள்ளலாம். 2ஆம் அத்தியாயத்தில் மழை இரவில் ஆண்கள் பெண்களை வகைப்படுத்திப் பேசும் பகுதி நீளமானது. பலர் சலித்துப்போவது அங்கேதான். முதல் வாசிப்பில் ஓட்டமாகக் கடந்தாலும் குற்றமில்லை. 6ஆம் அத்தியாயத்தின் சிவந்த மூக்கு இளவரசி வெறும் நகைச்சுவை, பிடித்தால் படியுங்கள்.

பாடல்களைத் தாண்டிப் போகலாமா?

கூடாது. அக்காலத்தில் காதலும் மறுப்பும் மன்னிப்பும் 31 அசைப் பாடல்களில்தான் பேசப்பட்டன. தாளின் நிறம், கையெழுத்து, கடிதத்தோடு கட்டி அனுப்பிய பூங்கிளை எல்லாமே செய்தியின் பகுதி. பாடலைத் தாண்டினால் அடுத்த பத்தியில் ஒருவர் ஏன் அழுகிறார் என்று தெரியாது.

மொழிபெயர்ப்பில் அடிபடுவதும் முதலில் இவைதான். கென்ஜியின் தாய் இறக்கும் தறுவாயில் சொல்லும் பாடலில் ‘இகா’ என்ற ஒலி ‘போக’ என்றும் ‘வாழ’ என்றும் இரண்டாக ஒலிக்கிறது: பிரியும் பாதை துயரமானது, நான் போக விரும்பும் பாதை வாழ்வின் பாதை. சைடன்ஸ்டிக்கர் இதை ஈரடியாக்கி, தேர்ந்தெடுக்க முடிந்தால் மற்றப் பாதையையே தேர்ந்திருப்பேன் என்று முடிக்கிறார். ‘வாழ்வு’ என்ற சொல் அங்கே வெளிப்படையாக வருவதில்லை. டைலர் ‘வாழ்வு’ என்ற சொல்லிலேயே பாடலை நிறுத்துகிறார். 31 அசை எண்ணிக்கையையும் ஆங்கிலத்தில் காப்பாற்றுகிறார். அதனால் சில பாடல்கள் விறைப்பாகத் தோன்றும். பாடல் வந்ததும் அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டு மறுபடி பாடலைப் படிப்பதே நல்ல முறை.

வயதும் மாதமும் பொருந்தவில்லையே?

வயது பழைய முறையில்: பிறந்ததும் ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும். நம் கணக்குக்கு ஒன்றோ இரண்டோ கழித்துக்கொள்ளுங்கள். கென்ஜிக்குப் பன்னிரண்டில் திருமணம் என்றால் அவன் பதினோரு வயதுப் பையன், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம்.

மாதங்கள் சந்திர மாதங்கள். “எட்டாம் மாதம்” என்பதை ஆகஸ்ட் என்று எண்ணினால் பனியும் முழுநிலவும் ஏன் வருகிறது என்று புரியாது. ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிக் கணக்கிடுங்கள். 1 முதல் 3 வசந்தம், 4 முதல் 6 கோடை, 7 முதல் 9 இலையுதிர்காலம், மீதி குளிர்காலம். பருவம் இந்நூலில் அலங்காரத்துக்கு வருவதில்லை. கென்ஜி கட்டும் ரோகுஜோ மாளிகையே நான்கு பருவங்களாகப் பிரிந்தது: தென்கிழக்கில் முராசாகியின் வசந்தத் தோட்டம், வடகிழக்கில் கோடை, தென்மேற்கில் இலையுதிர்காலம், வடமேற்கில் ஆகாஷிப் பெண்ணின் குளிர்காலம். யாருக்கு எந்த மூலை என்பதிலேயே அவரவர் தகுதி தெரியும்.

திருமணம் எப்போது நடந்தது, யார் யாரோடு இருந்தார் என்றே புரியவில்லை. எதையாவது தவறவிடுகிறேனா?

ஆம். பெரும்பாலும் ஒரே ஒரு வரியைத் தவறவிட்டிருப்பீர்கள்.

உயர்குடிப் பெண்கள் திரைக்கும் மூங்கில் தட்டிக்கும் பின்னால் இருப்பார்கள். அயல் ஆண் முகம் பார்ப்பதே பெரிய நிகழ்ச்சி. ஆண் தொடர்ந்து மூன்று இரவுகள் வர வேண்டும். மூன்றாம் இரவு அரிசிப் பிட்டு படைத்தால் திருமணம் உறுதி. ஒவ்வொரு விடியலுக்குப் பிறகும் ஆண் பாடல் அனுப்ப, பெண் பதில் எழுத வேண்டும்.

9ஆம் அத்தியாயத்தின் பிற்பகுதியைப் பாருங்கள். முராசாகியைச் சிறுமியாகக் கொண்டுவந்து மகளைப்போல் வளர்த்த கென்ஜி, அவளைத் தன் மனைவியாக்குகிறான். மூலம் சொல்வது இவ்வளவே: ஒரு காலை ஆண் சீக்கிரம் எழுந்துவிட்டான், பெண் எழுந்திருக்கவே இல்லை. சைடன்ஸ்டிக்கரில் இது சாதாரண ஒற்றை வரி. வேகமாகப் படிப்பவர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கடந்துபோவார். அதன் பிறகு வரும் சின்னச் சின்னத் தடயங்களைச் சேர்க்க வேண்டும். கென்ஜி பாடல் வைத்துவிட்டுப் போகிறான். திரும்பி வந்து மைக்கல் பெட்டியைத் திறந்து பார்க்கிறான், பதில் இல்லை. அவள் போர்வைக்குள் வியர்வையில் நனைந்து, பேச மறுத்துக் கிடக்கிறாள். அன்று மாலை பன்றி நாள் பண்டிகைப் பிட்டு வருகிறது. கென்ஜி தன் ஆள் கொரெமித்சுவிடம், நாளை மாலை வேறு பிட்டு கொண்டுவா, இவ்வளவு வேண்டாம் என்கிறான். கொரெமித்சு சிரித்துக்கொண்டே புரிந்துகொள்கிறான். பணிப்பெண்களுக்கோ மறுநாள் காலையில் பிட்டுப் பெட்டியை வெளியே எடுத்தபோதுதான் விஷயம் தெரிகிறது.

எல்லா இடத்திலும் இதே முறைதான். அதே அத்தியாயத்தில் கென்ஜியின் மனைவி ஆவோய் பிரசவத்தில் ஆவி பிடித்துத் துடிக்கும்போது, வேறு மாளிகையில் இருக்கும் அவனுடைய காதலி ரோகுஜோ அம்மையாரின் ஆடையில், ஆவி ஓட்டும் சடங்கில் நெருப்பிலிடும் விதைகளின் வாடை வீசுகிறது. தலையை அலசுகிறார், ஆடை மாற்றுகிறார், வாடை போகவில்லை. ஆவி யாருடையது என்று அவருக்கே தெரிந்துபோவது அப்போதுதான். உடை, வாடை, பதில் வராத கடிதம் என்று வந்தால் படிக்கும் வேகத்தைக் குறையுங்கள்.

கென்ஜி செய்வது பலாத்காரம் இல்லையா?

பல இடங்களில் ஆம் என்றே வாசிக்க வேண்டியிருக்கிறது. 8ஆம் அத்தியாயத்தில் இருட்டில் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எங்கும் அனுமதி உண்டு, ஆளைக் கூப்பிட்டுப் பயனில்லை என்கிறான். 3ஆம் அத்தியாயத்தில் உத்சுசெமி மேலாடையை விட்டுவிட்டுத் தப்பி ஓடுகிறாள். முராசாகியின் மௌனத்தை மேலே பார்த்தோம். “அக்கால வழக்கம்” என்ற பதில் போதாது. அக்கால வழக்கத்துக்குள் இருந்தே அந்தப் பெண்களின் அச்சத்தையும் கோபத்தையும் முராசாகி ஷிகிபு எழுதியிருக்கிறார். இக்கால ஜப்பானியத்தில் இந்நூலை எழுதிய செதோஉச்சி ஜகுச்சோ இதைப் பலாத்காரம் என்றே வெளிப்படையாகப் பேசியவர். வேலியைப் படித்தால் இந்தக் காட்சிகள் நாகரிகமான காதலாக மெழுகப்பட்டிருக்கும். புதிய மொழிபெயர்ப்புகளைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

கென்ஜி எந்த அத்தியாயத்தில் இறக்கிறான்?

எதிலும் இல்லை. 41இல் முராசாகியை இழந்தவனாக ஓராண்டைக் கழித்து, பழைய கடிதங்களை எரிக்கிறான். 42இன் தொடக்கத்தில் அவன் இறந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நடுவில் ‘மேகத்தில் மறைந்தது’ என்ற தலைப்பு மட்டும் மரபில் சொல்லப்படுகிறது, உரை இல்லை. உங்கள் பிரதியில் பக்கம் விடுபட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். 54ஆம் அத்தியாயமும் அதேபோல் சட்டென்று நிற்கும். முடிந்ததா, விடுபட்டதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. உஜி அத்தியாயங்களை எழுதியது மகள் என்ற பழைய கருத்தைக் கவிஞர் யோசானோ அகிகோவும் ஏற்றிருந்தார்.

மூலக் கையெழுத்துப் பிரதி இருக்கிறதா?

இல்லை. இன்றைய பதிப்புகளுக்கு அடிப்படை, 13ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்கா ஒப்பிட்டுச் சீர்செய்த ‘நீல அட்டை’ மரபு. தெய்காவோடு தொடர்புடைய 5ஆம் அத்தியாயப் பிரதி ஒன்று 2019இல் தோக்கியோவில் ஒரு பழைய குடும்பத்தின் சேமிப்பில் கிடைத்தது. 12ஆம் நூற்றாண்டின் ஓவியச் சுருள்களில் எஞ்சியவற்றின் பெரும்பகுதி நகோயாவின் தோகுகாவா அருங்காட்சியகத்திலும் தோக்கியோவின் கோதோ அருங்காட்சியகத்திலும் உள்ளது.

ஜப்பானியர்கள் மூலத்தை நேராகப் படிக்கிறார்களா?

பள்ளியில் சில பகுதிகள் படிப்பார்கள். முழுதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இக்கால ஜப்பானிய வடிவங்களையே நாடுகிறார்கள்: யோசானோ அகிகோ, தனிசாகி (மூன்று முறை செய்தார், போர்க்காலத்து முதல் வடிவத்தில் கென்ஜிக்கும் ஃபுஜித்சுபோவுக்கும் இடையிலான உறவை நீக்க வேண்டியிருந்தது), என்ச்சி ஃபுமிகோ, செதோஉச்சி, அண்மையில் ககுதா மித்சுயோ. வேடிக்கை என்னவென்றால் வேலியின் ஆங்கிலத்தையே மறுபடி ஜப்பானியத்தில் பெயர்த்த பதிப்பும் 2017 முதல் 2019 வரை வெளிவந்தது.

சட்டப்படி இலவசமாகக் கிடைக்குமா?

சுயெமாட்சு எங்கும் இலவசம். குட்டன்பர்க் தளத்தில் உள்ளது. வேலி 1966இல் இறந்தார். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை, ஆகவே 2027 ஜனவரி 1 முதல் அவருடைய மொழிபெயர்ப்பு இங்கே பொதுவுடைமை. பிரிட்டனில் 70 ஆண்டுகள், அதாவது 2036 முடிய. அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பதால் 1925 முதல் 1928 வரை வந்த நான்கு தொகுதிகள் ஏற்கெனவே விடுபட்டுவிட்டன. கடைசி இரண்டு 2028, 2029இல். சைடன்ஸ்டிக்கர், டைலர், வாஷ்பர்ன் மூவருக்கும் உரிமை உண்டு. இணையத்தில் உலவும் அவர்களின் பிடிஎஃப் கோப்புகள் திருட்டுப் பிரதிகள். ஸ்கேன் செய்த பல பிரதிகளில் அடிக்குறிப்புகள் சிதைந்திருக்கும், டைலரில் அது போனால் பாதி நூல் போனதற்குச் சமம்.

இதைப் படித்தபின் எதைப் படிக்கலாம்?

முராசாகி ஷிகிபுவின் நாட்குறிப்பு. ரிச்சர்ட் பௌரிங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு மெல்லியது, இரண்டு மாலையில் முடியும். அதன்பின் ‘சராஷினா நாட்குறிப்பு’. அதை எழுதிய பெண் இளம் வயதில், 1021 வாக்கில், அத்தையிடமிருந்து கென்ஜியின் ஐம்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளைப் பெற்று, இரவும் பகலும் விளக்கை அருகில் வைத்துக்கொண்டு தனியே படித்ததை எழுதியிருக்கிறார். இந்நூலின் வாசகர் ஒருவரே எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று.